கண்டிக் குளிரில் சுடுநீர்: வீட்டில் செய்யும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் அதன் ஆபத்துகளும்

மார்கழி, தை மாதங்களில் கண்டியில் விடியற்காலை ஐந்து மணிக்குக் குழாயைத் திறந்தவர்களுக்கு அந்தத் தண்ணீரின் குணம் தெரியும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரம்தான். நுவரெலியாவைப் போல வரவேற்பறையில் கணப்பு அடுப்பு தேவைப்படும் ஊர் அல்ல. ஆனாலும் யாழ்ப்பாணத்திலிருந்தோ வன்னியிலிருந்தோ வந்து பேராதனையில் படிக்கும் பிள்ளைக்கும், பிள்ளைகளோடு கட்டுகஸ்தோட்டைப் பக்கம் குடிவந்த வயதான அம்மாவுக்கும் அந்தக் காலைத் தண்ணீர் ஒரு சோதனைதான். கிணற்றில் அள்ளிக் குளித்துப் பழகிய உடம்பு மலைநாட்டுக் குழாய்த் தண்ணீருக்கு இலகுவில் இணங்குவதில்லை.

ஆகவே கண்டி வீடுகளில் வெப்பமூட்டல் என்றால் அது அறையை அல்ல, தண்ணீரைச் சூடாக்குவதுதான். இதற்கு மூன்று வகையான ஏற்பாடுகள் உண்டு. குளியலறைச் சுவரில் பொருத்தி, ஓடும் நீரை உடனே சூடாக்கும் சிறு கருவி ஒன்று. நீரைத் தேக்கிச் சூடாக்கும் கீசர் தொட்டி மற்றொன்று. மூன்றாவது, கூரையில் வைக்கும் சூரிய சுடுநீர்த் தொட்டி. மழைக்கால உதவிக்கு இதற்குள்ளும் பெரும்பாலும் ஒரு மின் ஹீட்டர் இருக்கும். இவற்றைத் தாமே செய்த மின்னணுக் கருவியால் கட்டுப்படுத்தும் முயற்சியில் இன்று பல இளைஞர்கள் இறங்குகிறார்கள். சில ஆயிரம் ரூபாய்க்குப் பாகங்கள் கிடைக்கின்றன, செய்முறை காணொளிகளுக்கும் குறைவில்லை. அந்தக் காணொளிகள் பெரும்பாலும் காட்டாமல் விடுவது, கருவி பழுதாகும்போது என்ன நடக்கும் என்பதை.

தடைக்காலத்தைக் கடந்து வந்தவர்களுக்கு இந்த வகை வேலை புதிதல்ல. பற்றரி இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். பெற்றோல் சொட்டில் எழுப்பிய மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். கையிலிருப்பதை வைத்துக் காரியம் பார்க்கும் அந்தத் திறமை பெருமைக்குரியது. ஆனால் டைனமோ தருவது ஆறு வோல்ட், கீசரில் ஓடுவது 230 வோல்ட். முன்னது பிழைத்தால் பாட்டு நின்றுபோகும். பின்னது பிழைத்தால் ஓர் உயிர் போகலாம்.

முதலில் கணக்கு

கருவிக்குக் காசு செலவழிக்கும் முன் மின்கட்டணத்தைப் பார்த்துவிடுவோம். 50 லீற்றர்த் தொட்டியில் 22 பாகை செல்சியஸில் உள்ள நீரை 60 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 2.2 அலகு மின்சாரம் வேண்டும். 1500 வாட் ஹீட்டருக்கு இது ஒன்றரை மணி நேர வேலை. நாளுக்கு ஒரு முறை இப்படிச் சூடாக்கினால் மாதத்துக்கு 66 அலகு. சாதாரண வீட்டுக் கட்டணம் 30, 60, 90, 120, 180 அலகு என்று படிப்படியாக ஏறுவதால், இந்த 66 அலகு உங்களை இரண்டு படி மேலே தூக்கிவிடும். 2022 ஆகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் கூடியபோது பல வீடுகள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டன. பின்னர் குறைப்புகளும் வந்தன. படிமுறை மட்டும் மாறவில்லை.

இதில் ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரத்தைத் தவிர்த்தால் எல்லோருக்கும் கட்டணம் குறையும் என்று நினைக்கிறார்கள். நேரத்துக்கேற்ற கட்டண முறைக்கு மாறிய வீடுகளுக்குத்தான் அது பொருந்தும். அந்த வீடுகளுக்கு இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவான நேரம். மற்ற வீடுகளில் எத்தனை மணிக்கு எரித்தாலும் அலகு அலகுதான். அங்கே மிச்சம் பிடிக்க ஒரே வழி, தொட்டியை நாள் முழுவதும் சூடாக வைத்திருக்காமல் தேவையான நேரத்துக்கு மட்டும் சூடாக்குவது.

தனியாகக் குடியிருக்கும் மாணவருக்கு இந்தக் கட்டுப்பாட்டுக் கருவியே வேண்டியதில்லை. 3500 வாட் உடனடி ஹீட்டரில் பத்து நிமிடம் குளித்தால் 0.6 அலகுக்கும் குறைவாகத்தான் போகும். கீசர் தொட்டி உள்ள வீட்டுக்குக்கூட, மின்பொருள் கடையில் விற்கும் நேரக்கட்டுப்பாட்டு சுவிச் ஒன்றைத் தகுதியான மின்னியலாளர் பொருத்திக் கொடுத்தால் பெரும்பாலும் போதும். அது அதிகாலை நாலரைக்குப் போட்டு ஆறு மணிக்கு நிறுத்தும், வெப்பநிலையைத் தொட்டியில் உள்ள தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும்.

அப்படியானால் யாருக்குத்தான் இந்த வேலை? கூரையில் சூரியத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு. கண்டியின் வானம் நம்பத்தகுந்ததல்ல. காலையில் வெயில் கொளுத்தும், பிற்பகல் இரண்டு மணிக்கு ஹந்தானை மலையில் முகில் இறங்கிவிடும். மாலையில் தொட்டி நீர் போதுமான சூட்டில் இருக்கிறதா, மின்சாரம் தேவையா என்று அன்றன்று பார்த்து முடிவெடுக்க நேர சுவிச்சால் முடியாது. வெப்பநிலையை அளக்கும் கருவி வேண்டும். 150 லீற்றர்த் தொட்டி 35 பாகையில் நின்றுவிட்டால், 50 பாகைக்கு ஏற்ற 2.6 அலகு போகும். 2000 வாட் ஹீட்டருக்கு அது ஒரு மணி இருபது நிமிட வேலை. மாலை 4.45க்குக் கருவி தொட்டியைப் பார்த்து, தேவையென்றால் மட்டும் போட்டால் உச்ச நேரத்துக்கு முன் வேலை முடிந்துவிடும். வெயில் அடித்த நாளில் அது ஒன்றும் செய்யாமல் இருக்கும். அந்தச் சும்மா இருத்தலில்தான் இலாபம்.

தேயிலைத் தொழிற்சாலையில் இருந்து ஒரு பாடம்

வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தொழில் கண்டிக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலான பழக்கம். ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் டெய்லர் 1867இல் கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அவருடைய முதல் தொழிற்சாலை அவரது பங்களாவின் விறாந்தைதான். கொழுந்தை மேசைமேல் வைத்துக் கையால் உருட்டி, மண் அடுப்பில் கரி மூட்டி, கம்பித் தட்டுகளில் பரப்பி உலர்த்தினார்கள். வீட்டிலேயே செய்த வெப்பமூட்டும் ஏற்பாடு என்று அதையும் சொல்லலாம்.

பின்னர் பெல்பாஸ்டில் சாமுவேல் டேவிட்சன் தயாரித்த சிறொக்கோ உலர்த்திகள் போன்ற பொறிகள் வந்தன. விறகு உலையில் சூடாகும் காற்று தட்டுகளுக்கு ஊடாகப் போகும். சூடு குறைந்தால் இலை புளித்துப்போகும். கூடினால் வெளிப்புறம் இறுகி உள்ளே ஈரம் தங்கிவிடும், அந்தத் தேயிலை பெட்டியிலேயே பழுதாகும். உலர்ந்த இலையில் ஏறத்தாழ மூன்று வீத ஈரம் மட்டும் நிற்கும்படி உலையை ஓட்ட வேண்டும். வெப்பமானியைப் பார்ப்பதும் விறகைத் தள்ளுவதும் காற்று வழியைத் திறந்து மூடுவதும் தோட்டத் தொழிலாளரின் கைவேலை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட அதே சமூகத்தின் கைகள். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் அவர்களில் பலர் மலையை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடம்பெயர்ந்து, பின்னர் அங்கேயும் போரைச் சந்தித்தார்கள். ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட பழைய தொழிற்சாலை இப்போது தேயிலை அருங்காட்சியகம். பழைய பொறிகளை அங்கே பார்க்கலாம், அவற்றை ஓட்டியவர்களின் பெயர்களைக் காண்பது அரிது.

இதை இங்கே சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அனுபவமுள்ள உலைக்காரர் வெப்பமானியை மட்டும் நம்புவதில்லை. கண்ணாடிக்குள் பாதரசம் திடீரென்று விழுந்தால், உலை குளிர்ந்துவிட்டதென்று விறகை அள்ளிப் போடமாட்டார். வெப்பமானி உடைந்திருக்குமோ என்று கையை நீட்டிக் காற்றைப் பார்ப்பார். நாம் செய்யும் மின்னணுக் கருவிக்கு அந்தக் கை இல்லை. அதற்குப் பதிலாக அந்தச் சந்தேகத்தை நாம் நிரலில் எழுதி வைக்க வேண்டும்.

கருவியின் உறுப்புகள்

வேண்டியவை சிலதான். வெப்பநிலையை அளக்க ஓர் உணரி. முடிவெடுக்க ஈஎஸ்பி8266 அல்லது ஈஎஸ்பி32 போன்ற ஒரு சிறு பலகை. மின்சாரத்தைப் போட்டு நிறுத்த ஒரு ரிலேயும் கொன்டாக்டரும். நேரம் பார்க்க ஒரு கடிகாரச் சில்லு.

உணரிக்குப் பலரும் எடுப்பது டிஎஸ்18பி20. மூன்று வயர், 4.7 கிலோ ஓம் தடையி ஒன்று, அவ்வளவுதான். பூச்சியத்துக்குக் கீழே 10 முதல் மேலே 85 பாகை வரை அரைப் பாகைப் பிழைக்குள் அளக்கும். ஆனால் அதன் வயர் அறுந்தால், ஆர்டுயினோவில் வழக்கமாகப் பயன்படுத்தும் நிரல் நூலகம் பூச்சியத்துக்குக் கீழே 127 என்ற எண்ணைத் தரும். இப்போது காணொளியில் காட்டிய நிரலை நினைத்துப் பாருங்கள்: “வெப்பநிலை 50க்குக் குறைந்தால் ஹீட்டரைப் போடு.” எலி வயரைக் கடித்த அன்று அந்தக் கருவிக்கு உலகமே உறைந்துவிட்டது. ஹீட்டரைப் போடும், பிறகு நிறுத்தவே நிறுத்தாது. தெர்மிஸ்டர் வகை உணரிகளிலும் இதே கதைதான். வயர் அறுந்தால் தடை எல்லையில்லாமல் கூடும், அதைக் கருவி கடும் குளிர் என்று வாசிக்கும்.

ஆகவே நிரலின் முதல் வரி இப்படித்தான் இருக்க வேண்டும்: உணரி தரும் எண் 5 பாகைக்கும் 80 பாகைக்கும் இடையில் இல்லாவிட்டால் ஹீட்டர் நிற்கட்டும். கண்டித் தண்ணீர் ஒருநாளும் 5 பாகைக்கு இறங்காது. மின்சாரம் வந்த கணத்தில் இதே உணரி சில வேளை 85 என்ற பொய் எண்ணைத் தரும். உண்மையாகவே வெயிலில் சூரியத் தொட்டி அந்தச் சூட்டுக்குப் போவதும் உண்டு. இரண்டில் எதுவானாலும் பதில் ஒன்றுதான், ஹீட்டர் வேண்டாம்.

இன்னொரு பிழை இதைவிடக் கள்ளமானது. உணரி கெட்டுப்போகவில்லை, ஆனால் தொட்டியிலிருந்து கழன்று கூரை ஓட்டில் தொங்குகிறது. அது காற்றின் 24 பாகையை உண்மையாகவே அளந்து சொல்லிக்கொண்டிருக்கும். இதற்கும் ஒரு சோதனை எழுதலாம். 2000 வாட் ஹீட்டர் 150 லீற்றர் நீரை இருபது நிமிடத்தில் ஏறக்குறைய நான்கு பாகை உயர்த்தும். ஹீட்டர் போட்டு இருபது நிமிடமாகியும் இரண்டு பாகைகூட ஏறவில்லையென்றால் எங்கோ பிழை. நிறுத்தி, சிவப்பு விளக்கைப் போடட்டும். யாராவது குளித்து நீர் கலந்ததாலும் இப்படி ஆகலாம். ஒருநாள் இளஞ்சூட்டில் குளித்தால் குடி முழுகிவிடாது. உணரிக்காகத் தொட்டியைத் துளையிடக் கூடாது. தொட்டியில் அதற்கென்றே குழி இருந்தால் அதில் செருகலாம், இல்லாவிட்டால் தொட்டியைப் பொருத்தியவரிடம் கேட்பதே நல்லது.

ரிலே விடயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். மலிவான நீலநிற ரிலேயில் 10 அம்பியர் என்று அச்சிட்டிருக்கும். 2000 வாட் ஹீட்டர் எடுப்பது 8.7 அம்பியர். கணக்குச் சரியாகத் தெரியும். ஆனால் அந்தப் பலகையின் மெல்லிய செம்புக் கோடுகளும் சின்னத் திருகாணிகளும் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த மின்னோட்டத்தைத் தாங்கச் செய்தவை அல்ல. சூடேறிக் கருகும், அல்லது உள்ளே தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் நிரல் எத்தனை முறை “நிறுத்து” என்றாலும் ஹீட்டர் நிற்காது. அசையும் பாகமில்லாத திண்ம ரிலேயும் கெட்டால் பெரும்பாலும் மூடிய நிலையிலேயே கெடும். சரியான வழி, ஹீட்டரை 20 அல்லது 25 அம்பியர் கொன்டாக்டர் ஒன்றால் இரு வயரையும் சேர்த்துத் துண்டிக்கச் செய்வதும், சின்ன ரிலே அந்தக் கொன்டாக்டரின் சுருளை மட்டும் இயக்குவதும்.

ஈஎஸ்பி8266 பலகையில் 0, 2, 15 என்ற முனைகளை ரிலேக்கு எடுக்க வேண்டாம். பலகை உயிர்பெறும் நேரத்தில் அவற்றுக்கு வேறு வேலை இருக்கிறது. 4 அல்லது 5 பொருத்தமானது. சமிக்ஞை தாழ்ந்தால் இயங்கும் ரிலேப் பலகைகளும் சந்தையில் உண்டு. இந்த வேலைக்குச் சமிக்ஞை உயர்ந்தால் மட்டும் இயங்குவதை வாங்கி, முனையை 10 கிலோ ஓம் தடையியால் தரைக்கு இழுத்து வையுங்கள். பலகை செத்தாலும் வயர் கழன்றாலும் ரிலே திறந்தே இருக்கும்.

தொட்டியில் ஏற்கெனவே இருக்கும் தெர்மோஸ்டாட்டையும் அதிவெப்பத் துண்டிப்பானையும் அழுத்த வால்வையும் தொடவே கூடாது. “இனி நம் கருவி பார்க்கும்” என்று அவற்றைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மூடிய தொட்டியில் நீர் கொதித்தால் அது வெடிகுண்டுதான், அதை இந்த வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் கருவி அவற்றோடு தொடராக நிற்க வேண்டும். மூவரும் சம்மதித்தால் மட்டும் மின்சாரம் போகும், ஒருவர் மறுத்தாலும் நிற்கும்.

மின்வெட்டும் நேரமும்

2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. அவ்வளவு இல்லாவிட்டாலும், இடைப்பருவ இடிமழைக் காலத்தில் கண்டி மலைகளில் மின்வெட்டு வழமை. மின்சாரம் திரும்பும்போது பலகை சில நொடிகளில் எழும்பிவிடும், ரவுட்டர் பிந்தும். இணையத்தில் நேரம் கேட்கும் கருவி அந்த இடைவெளியில் 1970ஆம் ஆண்டில் நிற்கும். பட்டன் பற்றரியோடு வரும் டிஎஸ்3231 கடிகாரச் சில்லு இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. மின்சாரம் வந்ததும் ஐந்து நிமிடம் பொறுத்தே ஹீட்டரைப் போடும்படியும் எழுதுங்கள்.

நேரத்தைப் பற்றி இன்னொன்று. இலங்கை நேரம் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. 1996இல் அரசு கடிகாரத்தை முதலில் ஒரு மணி நேரம் முன்தள்ளி, பிறகு அரை மணி பின்னிழுத்து, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. அந்த ஆண்டுகளில் வன்னி பழைய நேரத்திலேயே இருந்தது, ஓமந்தையைக் கடக்கும்போது கைக்கடிகாரத்தைத் திருப்பியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பழைய நிரல்களில் ஆறு மணி என்ற வேறுபாட்டைக் கண்டால் அது அந்தக் காலத்து மிச்சம்.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது, கைபேசியிலிருந்தே அம்மாவின் ஹீட்டரைப் போட முடியுமா என்று. முடியும். வேண்டாம் என்பது என் கருத்து. சூரிச்சில் இருப்பவருக்குக் கண்டிக் குளியலறையில் யார் நிற்கிறார், தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று தெரியாது. வெப்பநிலையைப் பார்க்கவும் ஹீட்டரை நிறுத்தவும் மட்டும் தூரத்திலிருந்து அனுமதியுங்கள், போடும் பொத்தான் வீட்டுச் சுவரில் இருக்கட்டும். அவர்கள் வீட்டு வெப்பமூட்டி வேறு விதமானது. கனடாவில் சுவர் தெர்மோஸ்டாட்டுக்கு வருவது பெரும்பாலும் 24 வோல்ட், வீட்டில் செய்த கருவி அங்கே ஓரளவு மன்னிக்கப்படும். பிரித்தானிய பொயிலர்களில் பலவற்றுக்கு 230 வோல்ட் நேரடியாக வரும், எரிவாயுப் பகுதியைப் பதிவுபெற்ற பொறியாளர் தவிர வேறெவரும் தொடச் சட்டம் விடாது. அங்கே பார்த்த காணொளியை இங்கே அப்படியே செய்யவும் கூடாது.

நீரின் சூட்டிலும் ஒரு இக்கட்டு உண்டு. 60 பாகை நீர் ஐந்து நொடியளவில் வளர்ந்தவரின் தோலையே ஆழமாகச் சுட்டுவிடும். குழந்தைக்கும் முதியவருக்கும் அதைவிட விரைவில். 50 பாகையில் அதற்குச் சில நிமிடம் எடுக்கும். அதற்காக எப்போதும் 40, 45 பாகையிலேயே தொட்டியை வைத்திருந்தால் லெஜியனெல்லா என்ற கிருமி வளரும், அது நுரையீரலைத் தாக்கும். நாளாந்தம் 50, கிழமைக்கு ஒரு நாள் 60 என்று வைத்து, குழாயில் குளிர்நீர் கலக்கும் வால்வு பொருத்துவது நடைமுறைக்கு ஏற்றது.

230 வோல்ட் பக்க வேலை முழுவதையும் தகுதியான மின்னியலாளரிடம் கொடுங்கள். எமது வீடுகளின் ஏர்த், வீட்டருகே நிலத்தில் அடித்த கம்பிதான். கல்லும் மணலுமான மலைச்சரிவில் அது ஒழுங்காக மண்ணைப் பிடித்திருக்காது. ஹீட்டரில் ஒழுக்கு ஏற்பட்டால் சாதாரண பிரேக்கர் விழாமலே இருக்கலாம், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்தான் காப்பாற்றும். மாதத்துக்கு ஒரு முறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழாத ட்ரிப் சுவிச்சோடு யாரும் குளிக்க வேண்டாம்.

கருவியைத் தொட்டியில் மாட்டும் முன் ஒரு கிழமை மேசையில் ஓடட்டும். ஹீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் மின்னியலாளரைக் கொண்டு ஒரு மின்குமிழை இணைத்து, உணரியை ஒரு குவளைத் தண்ணீரில் போடுங்கள். மின்குமிழ் எரிந்துகொண்டிருக்கும்போது உணரியின் வயரைப் பிடுங்குங்கள். சில நொடிகளில் அணைய வேண்டும். மறுபடி மாட்டி, இம்முறை பலகையின் மின்சாரத்தைப் பிடுங்குங்கள். பிறகு ரவுட்டரை நிறுத்துங்கள். பிறகு உணரியைக் குவளையிலிருந்து எடுத்து மேசையில் வைத்து இருபது நிமிடம் காத்திருங்கள். ரவுட்டரை நிறுத்தும்போது கருவி தன் பாட்டில் ஓடலாம். மற்றவற்றில் ஒன்றிலேனும் மின்குமிழ் எரிந்துகொண்டே இருந்தால், கருவி இன்னும் மேசையிலேயே இருக்கட்டும்.